வாத்துகள் கடக்கும் மூன்றாவது சுற்று

காலை ஷிப்டுக்காரர்கள் இதைப் படிக்கக் கூடாது.
வூச் நகரத்து டிராம் பணிமனையில்
கெட்டிலுக்கும் ஈரக் கையுறைகளுக்கும் நடுவே
இரவு ஷிப்டுக்கு மட்டும் எழுதி ஒட்டுகிறேன்.

மூன்றாம் கன்ட்ரோலரின் இடது பொத்தான்
அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.
அதை எதிராளிக்குக் கொடு,
சிரித்துக்கொண்டே கொடு.

விளக்கு மூன்று முறை எரியும்.
முதல் சிவப்புக்கே முறுக்குகிறவன்
தன் புகையிலேயே நிற்பான்.
ஆத்திரக்காரனுக்கு இங்கே
புத்தி மட்டுமில்லை, டயரும் மட்டு.
இரண்டாவது அணைந்து மூன்றாவது பிறக்குமுன்
அரை மூச்சு இடைவெளி உண்டு.
அங்கே அழுத்து.

கனத்த வண்டி வேண்டாம்.
விட்டோல்ட் எடுப்பான் அந்தக் காண்டாமிருகத்தை.
நேர்ப்பாதையில் பறப்பான்;
பனிச் சுரங்கம் வந்ததும்
மாடிப்படியில் கைதவறிய பியானோ.

சுரங்கத் திருப்பத்தில்
உன் வண்டியைப் பார்க்காதே,
திருப்பம் முடியும் இடத்தைப் பார்.
சறுக்கலோடு மல்லுக்கு நிற்காதே.
டயரின் முனகல் கூர்மையாகி
விசில் ஆகும்வரை பிடி,
பிறகு விடு.
விடுவதுதான் கஷ்டம்.

பதினெட்டு வருடமாய்
தண்டவாளம் திரும்பிய பக்கம் திரும்புகிறவள் நான்.
ஸ்டீயரிங்கே இல்லை என் வண்டிக்கு.
வேகம், நிறுத்தம், ஒரு மணி
அவ்வளவுதான் என் கையில்.
முதல்முறை அந்தப் பொம்மை வண்டி
என் கட்டைவிரலுக்கடியில்
பக்கவாட்டில் வழுக்கியபோது
கத்திவிட்டேன்.
குழிக்குள் இருந்த மெக்கானிக் போகுஸ்
டார்ச்சோடு ஓடி வந்தான்.

இன்னொன்று:
கடைசிச் சுற்றுவரை முதலிடத்துக்கு ஆசைப்படாதே.
தேனீக்கூட்டத்துக்கு முதலிடம் மட்டுமே கண்ணில் படும்.
இரண்டாவதாய் ஒட்டிக்கொண்டு போ,
முன்னால் போகிறவனின் காற்றைக் குடித்துக்கொண்டு.
சோப்புக்கட்டி கிடைத்தால் உடனே வீசாதே;
பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டு,
வால் மாதிரி.

இனி வாத்துகள்.

மூன்றாவது சுற்றில் பாலத்தருகே
நான்கு பெரியதும் ஒரு குஞ்சும்
வரிசையாகக் கடக்கும்.
இடித்தால் ஒன்றும் ஆகாது,
இறகு பறக்கும், ஒரு நொடி அபராதம்,
மறுசுற்றில் அதே ஐந்தும் முழுசாய் நடக்கும்.
எல்லோரும் இடிக்கிறார்கள்.
நிறுத்தினால் மூன்று நொடி போகும்.
கணக்குத் தெரியும் எனக்கு.
காலுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் ஷிப்டுகளுக்குள் இறுதிப்போட்டி.
பரிசு: ரேடியேட்டருக்கு மேலிருக்கும்
நான்கு கோட்டுக் கொக்கிகள், ஒரு வருடத்துக்கு.
மைனஸ் பதினொன்றில் அது தங்கச் சுரங்கம்.
டிமோன் என் பின்னால்,
சொன்னதையெல்லாம் மறந்து நான் முதலிடத்தில்,
எதிரே பாலம், வாத்து.

கட்டைவிரல் இல்லை,
என் பூட்ஸ்தான் தரையை மிதித்தது,
இல்லாத பிரேக்கை.
விரல் பிறகு அதைக் கேட்டு நடந்தது.
ஐந்தும் போகும்வரை நின்றேன்.
குஞ்சு பாதியில் நின்று
இறகைக் கோதிக்கொண்டது.
“லுத்விகா!” என்று என் ஆட்களே அலறினார்கள்.

டிமோன் முந்தினான்.
முந்தியவன் மேல் வந்து கவிந்தது
எனக்காகக் கிளம்பிய தேனீக்கூட்டம்.
அவன் சுழல, நான் கடக்க,
அறையே எழுந்து நின்றது.

ஆனால் ஜெயித்தது ஸ்ஜிஸ்வாவா.
டிக்கெட் அலுவலகம், காலை ஷிப்ட்.
ஒட்டுகிற பொத்தானை நான்தான் கொடுத்திருந்தேன்.
ஒரு கையில் வெள்ளரி சாண்ட்விச்சோடு
ஓரமாகவே ஓட்டிவந்தாள்,
யாரும் அவளைப் பார்க்கவேயில்லை.
அவளுக்கு எதிராக என்னிடம்
எந்தக் குறிப்பும் இல்லை.

கையுறை காயவில்லை.
நாலு பன்னிரண்டுக்கு முதல் டிராம் எடுத்தேன்.
சந்தை வளைவில்
தண்டவாளத்தின் மேல் ஒரு புறா,
பனியில் எதையோ கொத்திக்கொண்டு.
மணி அடித்தேன்.
நகரவில்லை.
வண்டியில் ஒரே ஒரு பயணி, தூக்கத்தில்.
நின்றேன்.
எத்தனை நொடி என்று
எண்ணவில்லை.